கூட நிற்பது என்றால் என்ன? அடித்தட்டுத் தலைமை பற்றி ஓர் எளிய விளக்கம்

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து நின்றார். மேல்நிலைத் தொட்டி மோட்டாரை இந்த வருடம் எத்தனை தடவை பழுது பார்த்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். மோட்டாரை ஒரே ஒரு தடவைதான் கழற்றினார்கள் என்பது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் கேட்டு முடித்ததும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் "அப்புறம் பார்க்கலாம், உட்காரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா வரவில்லை.

அவரிடம் தைரியம் இருந்தது, கேள்வியும் சரியாக இருந்தது. பக்கத்தில் இன்னும் நாலு பேர் எழுந்திருந்தால் அன்று பதில் சொல்லியிருப்பார்கள். அந்த நாலு பேரை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற வேலைக்குத்தான் மக்களை அமைப்பாக்குதல் என்று பெயர். அந்த அக்காவைப் போன்றவர்களிடமிருந்து வருகிற தலைமைதான் அடித்தட்டுத் தலைமை. கருத்தரங்கு மேடைகளில் புழங்கிப் புழங்கி இந்தச் சொற்கள் கனமாகிவிட்டன. ஆனால் அவை குறிக்கிற வேலையை யாரும் புரிந்துகொள்ளலாம். ராஜஸ்தானில் நடந்த ஒன்றை வைத்து அதைச் சொல்லப் பார்க்கிறேன். இன்று நாம் பத்து ரூபாய் கட்டி அரசு அலுவலகத்தில் கணக்குக் கேட்கிறோமே, அந்த உரிமையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சாலை வேலை

1980களின் தொடக்கம். அஜ்மேர் மாவட்டத்தில் ஹர்மாரா என்ற ஊர்ப் பக்கம் வறட்சி நிவாரணமாக அரசு சாலை போட்டுக்கொண்டிருந்தது. மண் சுமந்தவர்களிலும் கல் உடைத்தவர்களிலும் பெண்கள் நிறையப் பேர். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 7 ரூபாய். வேலைக்கு வந்தவர்களை இருபது இருபது பேராகப் பிரித்து, குழு மொத்தமாக எவ்வளவு முடித்தது என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து, அதைப் பொறுத்துக் கூலி கொடுத்தார்கள். வெயிலில் நாள் முழுக்க நின்ற பெண்ணுக்கு அந்த 7 ரூபாயும் கைக்கு வராது. நௌர்த்தி என்ற தலித் பெண் அந்தக் குறைந்த கூலியை எதிர்த்தார், கூட வேலை செய்த பெண்களையும் திரட்டினார். அப்போது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பக்கத்தில் திலோனியாவில் ஒரு சமூகப் பணி மையம் இயங்கி வந்தது. அதை நடத்திய சஞ்சித் ராய் இந்த விஷயத்தை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். நிவாரண வேலைகளுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தாது என்று ராஜஸ்தான் அரசு 1964-இலேயே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது. 1983-இல் தீர்ப்பு வந்தது. வறட்சி நிவாரணம் என்ற பெயரில் நடந்தாலும், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்திருக்கிற கட்டாய உழைப்புதான் என்று நீதிமன்றம் சொன்னது.

இதில் தலைமை தாங்கியவர் யார் என்று கேட்டால் நான் நௌர்த்தியைத்தான் சொல்வேன். பிரச்சினை எது, எதற்கு மேல் பொறுக்க முடியாது என்பதை அவர் தீர்மானித்தார். வேலை போய்விடும் என்ற ஆபத்தும் அவருடையதுதான். மனு எழுதத் தெரிந்தவர்கள் மனு எழுதினார்கள், நீதிமன்ற வாசல் தெரிந்தவர்கள் கூட்டிப் போனார்கள். இந்தப் பங்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபமாகப் புரியும்.

சிலருக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். இதற்கும் தொண்டு செய்வதற்கும் என்ன வித்தியாசம்? ஊரில் ரேஷன் கடை மாதத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கிறார். இது தொண்டு. வெள்ளம், நோய் போன்ற நேரத்தில் இதுதான் முதலில் வேண்டும், இதைக் குறைத்துப் பேச மாட்டேன். இன்னொருவர் தனக்குத் தெரிந்த அதிகாரிக்குப் போன் போட்டு, கடையைத் திறக்க வைக்கிறார். இது பரிந்து பேசுவது. மூன்றாவதாக ஒருவர் வீடு வீடாகப் போய், கடை எந்தெந்த நாள் திறந்தது என்று காலண்டரில் குறித்து வைக்கச் சொல்கிறார். இரண்டு மாதம் கழித்து அந்தக் காலண்டர்களை எடுத்துக்கொண்டு இருபது கார்டுதாரர்கள் தாலுகா அலுவலகத்துக்குப் போகிறார்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனால் கடை திரும்பவும் பூட்டிக்கொள்ளும். காலண்டர் குறித்தவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. அடுத்த தடவை அவர்களைக் கூட்டிப்போக யாரும் வேண்டாம்.

தேவ்டுங்ரியில் ஒரு மண் வீடு

அந்தத் திலோனியா மையத்தில் பல வருடங்கள் வேலை செய்தவர் அருணா ராய். சென்னையில் 1946-இல் பிறந்தவர், சிறு வயதில் கலாக்ஷேத்ராவில் படித்தவர். 1968-இல் ஐ.ஏ.எஸ். ஆகி, சில வருடங்களில் அந்த வேலையை உதறிவிட்டுத் திலோனியாவுக்கு வந்தார். அங்கே நௌர்த்தி போன்ற பெண்களிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 1983-இல் அந்த மையத்தையும் விட்டு வெளியேறினார்.

1987-இல் அருணா ராய், நிகில் தே என்ற இளைஞர், பக்கத்து ஊர்க்காரரான சங்கர் சிங், அவருடைய மனைவி அன்ஷி ஆகியோர் ராஜ்சமந்த் மாவட்டத்தில் தேவ்டுங்ரி என்ற சின்ன ஊரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். சங்கர் சிங்குக்குப் பொம்மலாட்டம், பாட்டு, நையாண்டி நாடகம் எல்லாம் கை வந்த கலை. திட்டம், அலுவலகம், வெளிநாட்டு நிதி எதுவும் அவர்களிடம் கிடையாது. ஊரார் வாழ்கிற மாதிரியே வாழ்ந்து, அவர்கள் எதைப் பிரச்சினை என்று சொல்கிறார்களோ அதை எடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள்.

இந்தக் கட்டத்தைப் பலர் ஒரு வரியில் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. 1987-இல் குடியேறியவர்கள் 1990 மே 1 அன்றுதான் பீம் என்ற ஊரில் கூட்டம் போட்டு அமைப்பைத் தொடங்கினார்கள். நடுவில் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் ஒரு நிலப் பிரச்சினையில் ஊராரோடு நின்றார்கள், கூலிப் பிரச்சினையில் நின்றார்கள், கிணற்றடியிலும் கல்யாண வீட்டிலும் இருந்தார்கள். அதன் பிறகே பெயர் வைத்தார்கள்: மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். உழைப்பாளர், உழவர் சக்தி அமைப்பு என்று பொருள். கட்சியாகவோ நிதி வாங்கும் தொண்டு நிறுவனமாகவோ அதை அவர்கள் ஆக்கவில்லை. முழுநேரமாக வேலை செய்பவர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவோ அவ்வளவுதான். கூலிக்காகப் போராடும் பெண்ணுக்கும் அவருக்குத் துணையாக வந்தவருக்கும் ஒரே வருமானம் என்றால், இருவரும் பேசிக்கொள்ளும் தொனியே மாறிவிடுகிறது.

கூலிப் போராட்டம் சுலபமாக இருக்கவில்லை. 1990-இலும் 1991-இலும் பீமில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதிகாரிகள் ஒரே பதிலைச் சொன்னார்கள்: நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது ரகசியம். மஸ்டர் ரோல் என்ற அந்த வருகைப் பதிவேடு பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. அதில் யார் பெயர் இருக்கிறது, எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று அந்த நாளெல்லாம் மண் சுமந்தவருக்கே தெரியாது. பொய் சொல்கிறவன் என்ற பட்டத்தைக் கூலிக்காரர் சுமந்தார். அப்போதுதான் ஊராருக்கு ஒன்று உறைத்தது. அந்தக் காகிதம் வெளியே வராத வரை நம்மைப் பொய்யர்கள் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். பின்னாளில் நாடே பேசிய தகவல் உரிமை இப்படித்தான், பீரோ சாவிக்காக நின்ற கூலிக்காரர்களிடமிருந்து வந்தது.

மைக் முன்னால் மஸ்டர் ரோல்

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் ஜன் சுன்வாய் நடந்தது. மக்கள் விசாரணை என்று சொல்லலாம். இதன் நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அமைப்பாக்குதல் என்பது இதற்குள் முழுசாக இருக்கிறது.

முதலில் காகிதம். பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோல், ரசீது, வவுச்சர் ஆகியவற்றின் நகலை எப்படியாவது பெற வேண்டும். அன்று சட்டம் எதுவும் இல்லை. நேர்மையான அதிகாரி யாராவது கொடுத்தால்தான் உண்டு. நகல் கையில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். "உங்கள் பெயரில் இந்த வேலையில் இத்தனை நாள் போட்டிருக்கிறதே, போனீர்களா?" என்று படித்துக் காட்டினார்கள். பலருக்கு அப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது. இறந்து போனவர்களுக்கும் கூலி எழுதியிருந்தது. ஊரை விட்டுப் போய்ப் பல வருடமானவர்களுக்கும் எழுதியிருந்தது. முதலில் சிரிப்பு வரும், அப்புறம் கோபம் வரும். அந்தக் கோபத்தோடு பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார்கள். வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டும் இந்த நாட்கள்தான் அசல் வேலை. விசாரணை நாள் வருவதற்குள் யார் எழுந்து பேசுவார், அவர் பேசினால் பக்கத்தில் யார் நிற்பார் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும்.

பிறகு பந்தல், மைக். வெளியூரிலிருந்து வழக்கறிஞர், பத்திரிகையாளர் போன்ற ஒருசிலர் நடுவர் மாதிரி உட்காருவார்கள். அதிகாரிகளையும் பஞ்சாயத்துத் தலைவரையும் முறையாக அழைப்பார்கள், பதில் சொல்ல அவர்களுக்கும் மைக் உண்டு. ஒவ்வொரு வேலையாகக் கணக்கை உரக்கப் படிப்பார்கள். அதில் பெயர் இருப்பவர் வந்து, நான் போனேன், போகவில்லை, இவ்வளவுதான் கிடைத்தது என்று சொல்வார். கோட் கிரானாவில் அரசுக் கட்டடம் ஒன்று கட்டி முடிந்ததாகக் காகிதத்தில் இருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் கண் முன்னாலேயே அது கூரையில்லாமல் நின்றது. அதற்கு மேல் சாட்சி எதற்கு?

தண்டனை கொடுக்கும் அதிகாரம் இந்தப் பந்தலுக்குக் கிடையாது. ஆனாலும் 1998-இல் நடந்த விசாரணைகளில் பஞ்சாயத்துப் பொறுப்பில் இருந்தவர்கள் மக்கள் முன்னிலையில் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள், கொடுக்கவும் செய்தார்கள். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் இடத்தில் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது கஷ்டம்.

எங்கள் ஊர் அக்காவை இந்தப் பந்தலில் நிறுத்திப் பார்க்கிறேன். அவர் கேள்வி அதே கேள்விதான். ஆனால் கையில் ரசீது நகல் இருந்திருக்கும். அவருக்கு முன்னால் ஒருவர் பேசியிருப்பார், பின்னால் பேச ஒருவர் காத்திருப்பார். வெளியாட்கள் குறிப்பெடுத்துக்கொண்டு இருப்பார்கள். பயம் போய்விடாது, ஒரே ஆள் தலையில் விழாமல் நூறு பேருக்குப் பிரிந்துவிடும்.

நாற்பது நாள்

1995 ஏப்ரலில் அன்றைய முதல்வர் பைரோன் சிங் செகாவத், பஞ்சாயத்து வேலைகளின் ஆவணங்களை மக்கள் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு வருடம் ஆகியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தின் சாங் கேட் பகுதியில் கிராமத்து மக்கள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். கோரிக்கை ஒன்றுதான்: செராக்ஸ் எடுக்கும் உரிமை.

அந்த தர்ணா நாற்பது நாள் நீடித்தது. தினக்கூலியில் வாழ்கிற மக்கள் எப்படி நாற்பது நாள் உட்கார முடிந்தது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லோரும் எல்லா நாளும் உட்காரவில்லை. ஊர் முறை போட்டு, ஒரு கிராமம் வந்து சில நாள் இருந்துவிட்டுப் போகும், அடுத்த கிராமம் வரும். வீடுகளிலிருந்து தானியம் வந்தது. நகரத்து வியாபாரிகளும் தொழிற்சங்கங்களும் ஆதரவு கொடுத்தார்கள். பொம்மலாட்டமும் பாட்டும் தினமும் உண்டு, அதைப் பார்க்க வந்த நகரத்து ஆட்கள் கோரிக்கையைப் பேச ஆரம்பித்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற முழக்கம் அங்கே பிறந்து வளர்ந்தது. பிரபாஷ் ஜோஷி போன்ற மூத்த பத்திரிகையாளர்கள் வந்து பார்த்து, டெல்லி வரை எழுதினார்கள். அதே வருடம் தகவல் உரிமைக்கான தேசிய அளவிலான இயக்கமும் உருவானது.

அந்த நாட்களில் டெல்லி பத்திரிகையாளர் கூட்டத்துக்குப் போன சுசீலா என்ற கிராமத்துப் பெண் சொன்ன விளக்கத்தை இன்றும் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். பத்து ரூபாய் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்பேன். என் பெயரில் அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவு செய்கிறதே, அதற்குக் கணக்குக் கேட்க வேண்டாமா? அவர் சொன்னதன் சாரம் இதுதான். சட்ட வல்லுநர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் தன் அடுக்களையிலிருந்து சொல்லிவிட்டார். அந்த மேடையில் அவர் பேச வேண்டும் என்று முடிவு செய்ததும், ஆங்கிலம் தெரிந்தவர்கள் அப்போது பேசாமல் இருந்ததும் தற்செயல் ஆகாது.

1997-இல் ஜெய்ப்பூரில் இன்னொரு தர்ணா, 53 நாள். அதன் முடிவில்தான், பஞ்சாயத்து ஆவணங்களை நகலெடுக்கும் உரிமை பற்றிய அறிவிக்கையை அரசு ஏறத்தாழ ஆறு மாதம் முன்பே வெளியிட்டுவிட்டது என்று தெரியவந்தது. மக்கள் எதற்காகத் தெருவில் உட்கார்ந்திருந்தார்களோ அது அரசிதழில் ஏற்கெனவே அச்சாகிக் கிடந்தது. அரசிதழில் வருவதும் ஊராருக்குத் தெரிவதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே 1997-இல் தகவல் உரிமைக்கென்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் நம் தமிழ்நாடுதான். ஆனால் அதில் விதிவிலக்குகள் நிறைய இருந்ததால் மக்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ராஜஸ்தானில் சட்டம் வந்தது 2000-இல். நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. கோட் கிரானா பந்தலில் நடந்தது, அதே 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், அதாவது நூறு நாள் வேலைச் சட்டத்தில், சமூகத் தணிக்கை என்ற பெயரில் 17ஆவது பிரிவாக இடம்பெற்றது.

தேருக்குக் கட்டை போடுபவர்கள்

துணை நிற்பது என்றால் என்ன என்று இப்போது சொல்லிப் பார்க்கலாம். தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். சக்கரத்தடியில் கட்டையோடு நாலைந்து பேர் கூடவே ஓடுவார்கள். தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டுமோ அதற்கேற்பக் கட்டை போடுவார்கள். ஆபத்தான வேலை, யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை. வடம் அவர்கள் கையில் இருக்காது.

ஒரு போராட்டத்தில் அந்தக் கட்டை பல உருவங்களில் வரும். மனுவை எழுதித் தருவது, எழுதிய பிறகு அதைக் கொடுப்பவருக்கே படித்துக் காட்டி, அவர் சொன்னபடி திருத்துவது. அலுவலகம் போகிற நாளில் ஒரு நாள் கூலி போகுமே, அதற்கு என்ன செய்வது என்று யோசிப்பது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது. பஸ் காசு. கைது என்றால் ஜாமீனுக்கு ஆள். ராத்திரி மிரட்டல் வந்தால் போன் செய்ய ஓர் எண், அந்தப் பக்கம் எடுக்க ஒரு மனிதர். நிதி கொடுக்கிறவர்கள் இவற்றுக்கு அரிதாகவே கொடுக்கிறார்கள். பயிற்சி வகுப்பு, பேனர், புகைப்படத்தோடு அறிக்கை என்றால் பணம் கிடைக்கும். மூன்று வருடம் ஒரு மண் வீட்டில் சும்மா இருந்ததற்கு எந்த அறிக்கையில் எந்தக் கட்டம் இருக்கிறது? உண்மையாகவே அடித்தட்டுத் தலைமைக்கு உதவ நினைப்பவர்கள் அந்த மூன்று வருடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே ஆளைத் தூக்கிப் பிடிப்பது அந்த ஆளுக்கே ஆபத்து. போஸ்டரில் ஒரு முகம், பேட்டியில் ஒரு பெயர் என்றானதும் எதிராளிக்கு வேலை சுலபமாகிவிடும். விலைக்கு வாங்கலாம், பொய் வழக்குப் போடலாம், அதற்கும் மேலே போகலாம். 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில், வேலை உறுதித் திட்டத்தின் சமூகத் தணிக்கைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த லலித் மேத்தா கொலை செய்யப்பட்டார். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அதனால்தான் ஐந்து பேராகக் கேளுங்கள், ஐந்து பேர் பெயரில் தனித்தனியாக மனுப் போடுங்கள், ஒருவர் ஓய்ந்தால் பேச இன்னொருவரைப் பழக்கி வையுங்கள் என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பதவி கிடைத்தால் போதுமா?

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. பட்டியல் சாதியினருக்கும் தனி இடங்கள் உண்டு. இது பெரிய வாசல், சந்தேகமே இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவருக்கு நாற்காலி தராமல் தரையில் உட்காரவைத்த செய்தியை நாம் படித்திருக்கிறோம். 2022 ஆகஸ்டில், பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் சுதந்திர தினத்தன்று தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யச் சொல்லித் தமிழகத் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பதவி கையில் இருந்தும் அவர்கள் தனியாகத்தான் நின்றார்கள். அந்தத் தலைவியோடு அலுவலகத்துக்குப் போகப் பத்துப் பெண்கள் இருந்தால், நாற்காலியை ஒளித்து வைப்பவர் ஒரு தடவை யோசிப்பார். சாதி வேலை செய்கிற ஊரில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கடினம் என்று எனக்குத் தெரியும். வெளித்தெருவில் ஒன்றாகச் சேர்கிற பெண்கள் சாப்பாட்டுப் பந்தியில் பிரிந்து உட்காருகிறார்கள் என்றால், அதைப் பற்றிப் பேசாமல் கூலியைப் பற்றி மட்டும் பேசும் அமைப்பு ரொம்ப நாள் தாங்காது. மேல்சாதியில் பிறந்து ஆதரவாக வருகிறவர்களுக்கு இதில் ஒரு தனி வேலை இருக்கிறது. அது தங்கள் தெருவில், தங்கள் சொந்தக்காரர்களிடம் பேசுவது.

உங்கள் ஊரில்

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் பெரிய பிரச்சினையைத் தேடாதீர்கள். ஊராரில் நிறையப் பேரை உறுத்துவதாக, ஒரு காகிதத்தால் நிரூபிக்கக்கூடியதாக, சில மாதத்தில் ஏதாவது பதில் வரக்கூடியதாக ஒன்றை எடுங்கள். தெருவிளக்கு, தொட்டி மோட்டார், வருகைப் பதிவு, சத்துணவுக்கூடக் கட்டடம் எதுவாகவும் இருக்கலாம். முதல் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருங்கள். டீக்கடையில் அரசியல் பேசுகிறவர் எல்லா ஊரிலும் இருப்பார். ஒரு வீட்டில் பிரச்சினை என்றால் பெண்கள் யாரிடம் போய்ச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஓர் அத்தையோ, சுகாதாரப் பணியாளரோ, மகளிர் குழுவில் கணக்கு எழுதும் பெண்ணோ அவராக இருப்பார். தலைமை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நீங்கள் உண்டாக்க வேண்டியதில்லை.

காகிதத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் மழுப்பலாக வரும். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்த வேலைக்கான ரசீது, அளவைப் புத்தகம், வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல்" என்று கேட்டால் காகிதமாக வரும்.

நகல் வந்ததும் நேராகக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கோட் கிரானாக்காரர்கள் செய்த மாதிரி வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முந்தைய வாரம் யார் முதலில் கேட்பார், அடுத்து யார் எழுவார், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி யார் வற்புறுத்துவார், உட்காரும்மா என்றால் யார் என்ன சொல்வார் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம், கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நான் அன்று அந்த அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அது இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிறகு நௌர்த்தி

ஹர்மாராவின் நௌர்த்தி அந்தத் தீர்ப்போடு நிற்கவில்லை. எழுத்துக் கற்றுக்கொண்டார். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக வேலை செய்தார். நடுத்தர வயதைத் தாண்டிய பிறகு கம்ப்யூட்டர் கற்றார், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2010-இல் அதே ஹர்மாராவின் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மஸ்டர் ரோலைப் பார்க்க விடாத அலுவலகத்தின் பதிவேடுகள் அவர் மேசைக்கு வந்தன.

அடுத்த தேர்தல் வருவதற்குள், ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட 8ஆம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்று ராஜஸ்தானில் விதி கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளிக்கூடமே போகாத நௌர்த்தி 2015-இல் நிற்க முடியவில்லை. மறுபடியும் கூட்டம், ஊர்வலம், வழக்கு. 2019-இல் அந்த விதி நீக்கப்பட்டது.